படம் யாருக்காக?

சென்ற மாதம் ஒரு மாலைப் பொழுதில் எம்முடைய பழைய மாணவர் ஒருவர் எம்மைக் காண வீட்டுக்கு வந்திருந்தார். பெற்றோருடன் தமிழகத்துக்குத் தலயாத்திரை சென்று திரும்பியவர் அவர். மதுரை, திருவரங்கம், தஞ்சாவூர், சிதம்பரம் எனப் பன்னிரண்டு நாள்கள் சுற்றி வந்திருக்கிறார். திருநீற்றுப் பொட்டலத்தை எம் கையில் மரியாதையோடு தந்துவிட்டு, அடுத்த கணமே தம் கைத்தொலைபேசியை எடுத்து நீட்டினார்.

"சேர், ஆயிரத்து நானூறு படம். எல்லாம் நான் எடுத்ததுதான்" என்றார்.

நாமும் ஆவலோடு வாங்கிப் பார்த்தோம். மதுரைக் கோபுரத்தின் முன்னே அவர் நின்றார். திருமலை நாயக்கர் மகாலிலே பருத்த தூண் ஒன்றைக் கட்டி அணைத்தபடி நின்றார். தஞ்சைப் பெருங்கோயிலில் நந்திக்கு முன்னும், வாயிலுக்கு முன்னும், விமானத்துக்கு முன்னும் நின்றார். விமானத்தின் உச்சி படத்துக்குள் அடங்காமல் வெட்டுண்டு போயிருந்தது. அவருடைய புன்னகை மட்டும் எல்லாப் படங்களிலும் குறைவின்றி இருந்தது.

"தம்பி, அந்த விமானத்தின் அடியிலே சுற்றிவரக் கல்லில் எழுத்து வெட்டியிருக்குமே, அதைப் பார்த்தீரா?" என்று வினவினோம்.

சற்று யோசித்தார். படங்களை விரலாலே தள்ளித் தள்ளித் தேடினார். ஒரு படத்தில் அவருடைய தோளுக்குப் பின்னால் மங்கலாகச் சில கீறல்கள் தெரிந்தன. "இதுதான் போலக் கிடக்கு சேர்" என்று சொல்லிச் சிரித்தார்.

நாம் அவரைக் குறை கூறவில்லை. குறை கூறும் உரிமை எமக்கு இல்லை. அதற்கான காரணத்தைப் பின்னர்ச் சொல்வோம். ஆயினும், அவர் விடைபெற்றுச் சென்ற பின்னர், அதே விமானத்தின் அதே எழுத்துகளை 1858 ஆம் ஆண்டிலே படம் பிடித்த ஒருவரின் நினைவு எமக்கு வந்தது. அவரும் படம் பிடிப்பதைத் தொழிலாகக் கொண்டு வாழ்க்கையைத் தொடங்கியவர் அல்லர். விருப்பத்தினாலே அதனைக் கற்று, ஊர் ஊராகச் சென்று, படம் பிடித்துப் பிடித்தே வளர்ந்தவர். கையிலே கமரா வைத்திருக்கும் எவருக்கும் அவருடைய வரலாறு பயன்படும் எனக் கருதி இவ்வாரம் அதனை எழுதுகின்றோம்.

விடுமுறையிற் கற்ற கலை

லினேயஸ் டிரைப் என்பது அவர் பெயர். 1822 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் தெவன்போட் என்னும் துறைமுகப் பட்டினத்தில் பிறந்தார். இளம் வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையிற் சேர்ந்து இந்தியாவுக்கு வந்தார். 1850 களின் தொடக்கத்தில் நீண்ட விடுமுறையிலே தாயகம் சென்றிருந்த காலத்தில் நிழற்படக் கலை அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. 1839 ஆம் ஆண்டிலேதான் அக்கலை உலகறிய வெளிப்பட்டது. அஃதாவது, டிரைப் அதனைக் கையில் எடுத்தபோது அதற்குப் பதினைந்து வயதுகூட நிரம்பவில்லை. 1853 இல் இலண்டன் நகரிலே நிழற்படச் சங்கம் தோன்றியபோது அதன் தொடக்ககால உறுப்பினருள் ஒருவராக அவரும் சேர்ந்துகொண்டார்.

1854 இல் அவர் பெங்களூருக்குத் திரும்பினார். அவ்வாண்டின் இறுதியிலே கமராவையும் இரசாயனங்களையும் கட்டிக்கொண்டு ஹளபேடு, பேலூர் என்னும் இடங்களுக்குச் சென்றார். போசள மன்னர் எழுப்பிய கற்கோயில்கள் அங்கு உள்ளன என்பதை வரலாறு படிக்கும் மாணவர் அறிவர். எவரும் ஏவாமல், தம் சொந்த விருப்பினாலே அவர் அக்கோயில்களைப் படம் பிடித்தார். 1855 ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற பொருட்காட்சியிலே தம் படங்களுள் 68 ஐ வைத்தார். முதல் தரப் பதக்கம் கிடைத்தது.

இங்கே ஒரு சொல். இன்றைய பிள்ளைகளுக்கு ஒரு படம் எடுக்க ஒரு விரலும் ஒரு விநாடியும் போதும். அக்காலத்தில் நிலைமை வேறு. டிரைப் பெரும்பாலும் கையாண்டது மெழுகூட்டிய தாள் முறை. மெல்லிய தாளுக்கு மெழுகு ஊட்டி, அதனை உப்புக் கரைசலிலே தோய்த்து உலர்த்தி, பின்னர் இருட்டறையில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் இட்டு ஒளியுணரச் செய்தல் வேண்டும். அத்தாளைக் கமராவிலே பொருத்தி வில்லையின் மூடியைத் திறந்தால், படம் பதிவதற்குப் பல விநாடிகள், சில வேளைகளிற் பல நிமிடங்கள் செல்லும். பின்னர் அத்தாளை வேறொரு கரைசலில் மணிக்கணக்காக இட்டு உருவத்தை வெளிப்படுத்தல் வேண்டும். கிடைப்பது நெகட்டிவ் மாத்திரமே. அதிலிருந்து வெயிலின் உதவியோடு மற்றொரு தாளிலே படத்தை அச்சிடுதல் வேண்டும். தாள் நெகட்டிவின் அளவே படத்தின் அளவு ஆதலால், ஓர் அடிக்கு மேல் அகலமான படம் வேண்டுமாயின் கமராவும் அவ்வளவு பெரிதாக இருத்தல் வேண்டும். இத்தனையையும் மாட்டு வண்டியிலே ஏற்றிக்கொண்டு, சூடும் புழுதியும் நிறைந்த வழியிலே செல்வதை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே, ஒரு நாளைக்கு எடுக்கக்கூடிய படங்களோ சில. எங்கே நிற்பது, எந்நேரத்தில் எடுப்பது என்பதை முன்னரே தீர்மானித்தால் அன்றித் தாளும் வீண், நாளும் வீண். பார்த்த பின்னரே எடுத்தல் என்னும் ஒழுக்கத்தைக் கருவியே அவருக்குக் கற்பித்தது எனலாம்.

பர்மாவில் நேர்ந்த சோதனை

ஹளபேட்டுக்குப் போனது விருப்பப் பயணம். அடுத்தது கட்டளைப் பயணம். 1852 ஆம் ஆண்டுப் போரிலே பர்மாவின் கீழ்ப்பகுதியை ஆங்கிலேயர் கைப்பற்றியிருந்தனர். அதன் பின்னர் 1855 இல், மிண்டோன் மன்னரிடம் டல்ஹௌசிப் பிரபு ஒரு தூதுக்குழுவை அனுப்பினார். அக்குழுவிலே ஓவியர் ஒருவரும் இருந்தார். படம் பிடிப்பவராக டிரைப் இருந்தார். ஐராவதி ஆற்றின் வழியே சென்று, பாகன் நகரத்துப் பழம் பெருங்கோயில்களையும், அக்காலத் தலைநகராகிய அமரபுரத்தையும், திரும்பும் வழியில் இரங்கூனையும் அவர் படம் பிடித்தார்.

ஆறுதலாகப் பணியாற்றிப் பழகியவருக்கு இது பெருஞ் சோதனை ஆயிற்று. குழு புறப்படும்போது அவரும் புறப்படல் வேண்டும். மழையும் உடல்நலக் குறைவும் பல நாள்களைக் கவர்ந்துகொண்டன. பிழைபட்ட படத்தை மீண்டும் எடுக்கச் சந்தர்ப்பம் இல்லை. இவ்வளவு இடர்களுக்கிடையிலும் இருநூறுக்கு மேற்பட்ட நெகட்டிவ்களோடு அவர் திரும்பினார். அவற்றுள் 120 ஐத் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் 50 பிரதிகள் அச்சிடச் செய்தார். கணக்குப் பார்த்தால் ஆறாயிரம் படங்கள்! ஒவ்வொன்றையும் கையால் அச்சிட்ட காலம் அது.

எமக்கு வியப்பூட்டுவது அத்தொகையன்று. அப்படங்களோடு அவர் எழுதிவைத்த குறிப்பே எம்மை மிகவும் கவர்ந்தது. இவற்றுட் சில, படத்தின் சிறப்புக்காக அன்றிப் பொருளின் சிறப்புக்காகவே சேர்க்கப்பட்டன என்றும், காலத்தோடு போட்டியிட்டுச் செய்த பணி ஆதலாற் குறைகள் உள்ளன என்றும் அவர் ஒளிக்காமற் கூறியிருக்கிறார். பதக்கம் பெற்ற ஒருவர் தம் குறையைத் தாமே எழுதிவைப்பது எளிய காரியமா? குறையுள்ள படமாயினும் அப்பொருள் பிறர்க்குத் தெரியவேண்டும் என்று எண்ணினார் பாருங்கள், அங்கேதான் அவருடைய வளர்ச்சியின் முதற்படியை நாம் காண்கின்றோம். ஹளபேட்டில் அவர் படம் பிடித்தது தம் கண்ணுக்காக. அமரபுரத்திலே பிறர் கண்ணுக்காகவும் பிடிக்கத் தொடங்கிவிட்டார்.

அவர் எண்ணியது சரியே என்பதைக் காலமும் காட்டியது. அப்பயணம் முடிந்து சில ஆண்டுகளுக்குள்ளேயே மிண்டோன் மன்னர் தலைநகரை மண்டலேக்கு மாற்றினார். அமரபுரத்து அரண்மனைக் கட்டடங்கள் பிரிக்கப்பட்டன, நகரம் வெறுமையாயிற்று. அங்கு மன்னர் இருந்த காலத்து வீதியையும் மடத்தையும் மரப்பாலத்தையும் இன்று நாம் பார்க்க விரும்பினால், டிரைப்பின் குறையுள்ள படங்களே எமக்குத் துணை.

மதுரையும் தஞ்சையும்

1856 ஆம் ஆண்டிலே சென்னை அரசினர் அவரை அரசாங்கப் படப்பிடிப்பாளராக நியமித்தனர். அழிந்துபோகுமுன் பழம்பொருள்களைப் பதிந்து வைத்தல் அப்பதவியின் நோக்கங்களுள் ஒன்று. தாம் ஆளும் நாட்டைக் கணக்கெடுத்து வைக்கும் ஆட்சியாளரின் எண்ணமும் அதிலே கலந்திருந்தது, அதனை மறைப்பதற்கில்லை. எனினும் அப்பணி சரியான ஒருவர் கையில் சேர்ந்தது.

1857 இன் முடிவிலே புறப்பட்டு, 1858 இன் முற்பகுதி முழுவதும் அவர் தமிழ்நாட்டிலே சுற்றினார். திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் ஆகிய இடங்கள் அவர் கமராவுக்குள் புகுந்தன. மதுரைப் படங்கள் மாத்திரம் நான்கு பகுதிகளாக வெளிவந்தன. வைகை ஆற்றையும் அதனைக் கடக்கும் பாதையையும் ஒரு படத்திலே காணலாம். முற்றுப்பெறாத இராய கோபுரத்தின் தூண்களை வேறொன்றிலே காணலாம். புதுமண்டபத்தின் ஒரு பக்கத்துத் தூண் வரிசையை உள்ளே நின்று அவர் எடுத்த படம் இன்றும் அறிஞராற் போற்றப்படுகின்றது. வெளிச்சம் குறைந்த அந்த மண்டபத்திலே, தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே போவதைப் பார்க்கும்போது, நாமே அங்கு நடந்து செல்வதுபோலத் தோன்றும்.

எம் மாணவர் கட்டி அணைத்து நின்ற தூண்கள் உள்ள திருமலை நாயக்கர் மகாலையும் டிரைப் படம் பிடித்தார். அக்காலத்தில் அது சிதைந்து கிடந்தது. பின்னரே நேப்பியர் பிரபு சென்னை ஆளுநராக இருந்த காலத்தில் அது திருத்தப்பட்டது. இன்று பளபளக்கும் மண்டபத்தைப் பார்ப்பவர், அது எந்நிலையில் இருந்து மீண்டது என்பதை அப்படங்களைப் பார்த்தே உணரலாம்.

அவர் படங்களிலே ஒரு புதுமையும் உண்டு. மெழுகுத் தாள் நெகட்டிவிலே வானம் வெறும் வெளியாக அல்லது திட்டுத் திட்டாகத் தோன்றும். மரங்களின் இலைகள் கரிய கட்டியாகிவிடும். டிரைப் நெகட்டிவின்மேல் தூரிகையால் வண்ணம் தீட்டி முகிலையும் இலையையும் திருத்தினார். நெடுநேரம் வில்லை திறந்திருந்தமையால், வீதியில் நடமாடியவர்கள் படத்திலே பதியவில்லை. எனவே அவருடைய மதுரை பெரும்பாலும் ஆளற்ற ஊராகத் தோன்றுகின்றது. அது உண்மையான மதுரை அன்று. அக்காலக் கருவி கண்ட மதுரை. படம் ஒருபோதும் பொய் சொல்லாது என்று நம்புகின்ற பிள்ளைகள் இதனையும் அறிந்துகொள்ளல் நன்று.

இனித் தஞ்சைக்கு வருவோம். 1010 ஆம் ஆண்டளவில் முதலாம் இராசராச சோழன் கட்டி முடித்த பெருங்கோயில் அது. விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றிக் கல்லெழுத்துகள் நீண்டு செல்கின்றன. மன்னன் வழங்கிய கொடைகள், அணிகலன்களின் நிறை முதலியவை எல்லாம் அக்கோயிற் கல்வெட்டுகளிலே பொறிக்கப்பட்டுள்ளன. கோயிற் பணிக்கென அழைத்து வரப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைக்கூடப் பெயரும் வீடும் குறித்து எழுதிவைத்தான் அம்மன்னன். டிரைப் அங்குச் சென்றபோது இவை முறையாக வாசிக்கப்பட்டு அச்சேறியிருக்கவில்லை. ஹுல்ட்ஷ் என்னும் அறிஞர் அக்கோயிற் கல்வெட்டுகளைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்னும் நூல்வரிசையிலே பதிப்பிக்கத் தொடங்கியது 1891 இலேதான்.

வேறொருவராயின் விமானத்தை அழகாக நான்கு படம் எடுத்துக்கொண்டு போயிருப்பார். டிரைப் விமானத்தையும் எடுத்தார். அதன் பின்னர்க் குனிந்து எழுத்தையும் எடுத்தார். அடித்தளத்தின் கல்லெழுத்தைப் பகுதி பகுதியாகப் படம் பிடித்து, 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளமான ஒரே படமாக ஆக்கினார். சுவரிலே மாட்டி அழகு பார்ப்பதற்கு அது ஏற்றதன்று. ஒரு பெரிய கூடத்தின் நீளம் முழுவதும் அதற்கு வேண்டும். என்றோ ஒருநாள், எங்கோ இருந்து, எழுத்தறிந்த ஒருவர் அதனை வரிவரியாகப் பார்ப்பார் என்னும் நம்பிக்கையன்றி அவ்வுழைப்புக்கு வேறு காரணம் எமக்குத் தோன்றவில்லை. முதற் படம் எடுத்த நாள் தொட்டு அவர் எய்திய வளர்ச்சியின் முடி அதுவே என்போம்.

அதன்பின் நடந்தது துன்பமானது. 1859 இலே சென்னைக்கு வந்த புதிய ஆளுநர் திரெவெலியன், இப்பணி அரசுக்கு ஒவ்வாத ஆடம்பரம் எனக் கருதி அதனை நிறுத்திவிட்டார். நாற்பது வயது நிரம்புமுன்னே டிரைப்பின் பெரும்பணி முடிந்து போயிற்று. பின்னர் அவர் எடுத்த படங்கள் மிகச் சிலவே. படைச் சேவையிலிருந்து ஓய்வு பெற்று, பிறந்த ஊரிலேயே 1902 இற் காலமானார். 2014 ஆம் ஆண்டிலே வாஷிங்டன் நகரிலும், பின்னர் நியூயோர்க்கிலும் இலண்டனிலும் அவர் படங்களுக்கெனத் தனிக் கண்காட்சி நடைபெற்றது. அவருடைய உழைப்புக்கு அந்த நம்பிக்கையே காரணமாயின் அது வீண்போகவில்லை.

நாம் கற்ற பாடம்

குறை கூறும் உரிமை எமக்கு இல்லை என்றோம் அல்லவா? அதனை இப்போது சொல்லிவிடுகின்றோம். 2002 ஆம் ஆண்டு, பேராதனையிலே படித்துக்கொண்டிருந்த காலத்தில், நண்பர் சிலரோடு பொலநறுவைக்குச் சென்றோம். அறைத் தோழரிடம் ஒரு கமராவை இரவல் வாங்கி, முப்பத்தாறு படம் கொள்ளும் பிலிம் சுருள் ஒன்றையும் எம் கைக்காசிலே வாங்கிப் போட்டுக்கொண்டோம். அந்நகரத்திலே சோழர் காலத்துச் சிவாலயம் ஒன்று முழுமையாக நிற்கின்றது. வானவன்மாதேவி ஈச்சரம் என்பது அதன் பழம்பெயர். தஞ்சையிலே உள்ளதுபோலத் தமிழ் எழுத்துகள் அதன் சுவர்களிலே உண்டு.

நாம் என்ன செய்தோம்? நண்பர்களை வாசலிலும் படியிலும் நிறுத்தி முப்பத்தொரு படங்களைத் தீர்த்தோம். எஞ்சிய ஐந்திலே இரண்டு குரங்குகளுக்குப் போயின. மூன்று மாத்திரம் கோயிலுக்குக் கிடைத்தன. அவையும் உச்சிவெயிலில் எடுத்தவை. கண்டியிலே படம் கழுவி வாங்கிப் பார்த்தபோது சுவர் முழுவதும் வெளிறிப் போயிருந்தது. ஓர் எழுத்துத் தானும் தெரியவில்லை. வரலாற்றுத் துறையிலே பயின்ற மூத்த மாணவர் ஒருவர், கட்டுரை எழுதுவதற்காக அக்கல்வெட்டின் படம் ஒன்று தரும்படி எம்மிடம் வந்து கேட்டார். நண்பர்களின் படங்களைக் காட்டுவதற்கு எமக்கு வெட்கமாக இருந்தது.

ஈராண்டு கழித்து மீண்டும் அங்கே போனோம். இம்முறை தனியே. முதல் நாள் மாலையிலே சென்று தங்கி, மறுநாள் காலையில் வாயில் திறந்ததும் உள்ளே நுழைந்துவிட்டோம். எழுத்துள்ள சுவரின் முன்னே காத்திருந்தோம். வெயில் நேரே விழுந்தால் எழுத்து மறையும். பக்கவாட்டிலிருந்து சாய்ந்து விழுந்தால் ஒவ்வொரு வெட்டின் உள்ளும் நிழல் தங்கி எழுத்து எழுந்து நிற்கும். இதனை ஒருவர் புத்தகத்திலே படித்தும் அறியலாம். ஆனால் ஒன்றரை மணி நேரம் காத்திருந்து, வெறுங் கல்லாகக் கிடந்த சுவரிலே தமிழ் எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டதைக் கண்ணாற் கண்டபோதுதான் எமக்கு அது அறிவாயிற்று. அன்று நான்கு படங்களே எடுத்தோம். ஊர் திரும்பியதும், அப்போது படிப்பை முடித்து வேறூரிலே ஆசிரியராகிவிட்ட அம்மூத்த மாணவருக்கு அவற்றைத் தபாலில் அனுப்பினோம். கட்டுரைக் காலம் கடந்துவிட்டது. ஆயினும் அவர் எழுதிய நன்றிக் கடிதம் எம்மிடம் இன்னும் உண்டு.

இன்னொன்றையும் சொல்லுதல் வேண்டும். எம் குஞ்சியப்பாவுக்குப் படம் பிடிப்பதிலே பெரு விருப்பம். வீட்டிலே தடித்த அல்பம் ஒன்று இருந்தது. திருமணம், பூப்புனித நீராட்டு, தேர்த்திருவிழா என எல்லாம் அதிலே இருந்தன. 1995 ஒக்டோபர் இறுதியிலே ஊரோடு சேர்ந்து நாமும் இடம்பெயர்ந்தபோது, அரிசியும் துணியும் எடுத்தோம்; அல்பத்தை எடுக்கவில்லை. திரும்பி வந்தபோது அது இல்லை. எத்தனை குடும்பங்களுக்கு இவ்வாறு நேர்ந்தது என்பதை இதனை வாசிப்போருட் பலர் அறிவர்.

அப்பாச்சியின் படம் ஒன்று மாத்திரம் எமக்கு மிஞ்சியது. அடுக்களைத் திண்ணையிலே இருந்து சுளகில் அரிசி கொழிக்கிறார். கமராவைப் பார்க்கவில்லை, அரிசியைப் பார்க்கிறார். அது எப்படி மிஞ்சியது? குஞ்சியப்பா ஒரு பிரதியைக் கொழும்பிலிருந்த உறவினருக்கு அனுப்பியிருந்தார். அவர் அதனைப் பேணி வைத்திருந்து, பின்னர் எமக்குத் தந்தார். பின்புறத்திலே அப்பாச்சியின் பெயரும், "1986 தை, வீட்டு அடுக்களை" என்னும் குறிப்பும் குஞ்சியப்பாவின் கையெழுத்திலே உள்ளன. எம் பிள்ளைகள் அப்பாச்சியைக் கண்டதில்லை. அவர் சுளகு பிடித்த கையை மட்டும் நன்கு அறிவர்.

மாணவருக்குச் சொன்னது

சில நாள்களின் பின்னர் அம்மாணவரை வரவழைத்து இவற்றையெல்லாம் கூறினோம். "நீர் நிற்கும் படங்களை அழிக்க வேண்டா, அம்மாவுக்கு அவை வேண்டும். ஆனால் ஓர் இடத்துக்குப் போனால், கமராவை எடுக்குமுன் அவ்விடத்தை ஒருமுறை சுற்றிவாரும். 'இதை நாளை யார் தேடுவார்?' என்று கேட்டுக்கொள்ளும். வெளிச்சம் சரியில்லையாயின் காத்திரும். அல்லது திரும்ப வாரும். நல்ல படத்தைத் தாளிலே அச்சிட்டுப் பெயரும் இடமும் நாளும் எழுதி, ஒரு பிரதியை வேறொரு வீட்டிலே கொடுத்து வையும்" என்றோம். தலையை ஆட்டிக்கொண்டு போனார். கேட்டாரோ, மரியாதைக்குத் தலையாட்டினாரோ என்று நாம் ஐயுற்றோம்.

சென்ற வாரம் மறுபடி வந்தார். இம்முறை கைத்தொலைபேசியை நீட்டவில்லை. ஓர் உறையை நீட்டினார். உள்ளே பதினொரு படங்கள். அவர் ஊரின் தெருவோரத்திலே உள்ள சுமைதாங்கிக் கல்லைச் சுற்றிச் சுற்றி எடுத்திருக்கிறார். பிள்ளைப்பேற்றுக்கு முன்னே இறந்த பெண்களின் நினைவாக அக்காலத்தில் எம்மவர் சுமைதாங்கி நாட்டினர் என்பது பலரும் அறிந்ததே. வீதியை அகலிக்கப் போகிறார்களாம். கல்லுக்கு என்ன நேருமோ தெரியாதாம்.

"விடிய ஆறரைக்கு எடுத்தது சேர். மூன்று நாள் போய்ப் பார்த்தனான். முதல் இரண்டு நாளும் மப்பு" என்றார்.

கடைசிப் படத்தை எடுத்துப் பார்த்தோம். சாய்ந்த வெயிலிலே, பாசி படிந்த கல்லில் ஒரு பெண்ணின் பெயரும் ஓர் ஆண்டும் தெளிவாகத் தெரிந்தன. அவ்வழியே நாள்தோறும் பள்ளிக்கூடம் போய் வந்தவர் அவர். அக்கல்லிலே எழுத்து உண்டு என்பதை இதுவரை அறிந்திருக்கவில்லை. அம்மம்மாவிடம் படத்தைக் காட்டியிருக்கிறார். அப்பெண் யார் வீட்டுப் பிள்ளை, யாருக்கு வாழ்க்கைப்பட்டவர் என்று, தம் தாயார் சொல்லக் கேட்டதையெல்லாம் அம்மம்மா சொல்லியிருக்கிறார். அவற்றைப் படத்தின் பின்புறத்திலே நெருக்கி நெருக்கி எழுதியிருந்தார்.

"ஒரு படத்திலே என்ர நிழல் விழுந்திட்டுது சேர்" என்று சற்று வருத்தத்தோடு சொன்னார்.

"இருக்கட்டும் தம்பி" என்றோம்.

மூன்று பிரதிகள் அச்சிட்டாராம். ஒன்று அம்மம்மாவுக்கு, ஒன்று ஊர் வாசிகசாலைக்கு, ஒன்று எமக்கு. எமக்குத் தந்ததை அப்பாச்சியின் படத்துக்கு அருகிலே வைத்திருக்கின்றோம்.